பரசுராமர்: குருவாக

பரசுராமர் ஜமதக்னி முனிவருக்கும் ரேணுகைக்கும் பிறந்தவர். பிருகு குலத்தவர் என்பதால் பார்க்கவர் என்றும் பெயர். திருமாலின் பத்து அவதாரங்களுள் ஆறாவதாக வைத்து எண்ணப்படுபவர். மன்னன் கார்த்தவீரியார்ச்சுனனின் ஆயிரம் கைகளை வெட்டியவர். அவன் மக்கள் ஜமதக்னியைக் கொன்றதற்குப் பழியாக, அரச குலத்தாரை 21 முறை தேடித்தேடி அழித்தார். மூதாதையர் வந்து தடுத்த பிறகே கோடரி ஓய்ந்தது. வென்ற நிலத்தைக் காசியபருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு மகேந்திர மலைக்குத் தவம் செய்யப் போனார். அந்த மலை இன்றைய ஒடிசாவில் உள்ளது.

பரசுராமர் என்றதும் கோடரிதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் மகாபாரதத்தில் அவருடைய கை தெரிவது மாணவர்கள் வழியாகத்தான். பீஷ்மர், துரோணர், கர்ணன் மூவரும் அவரிடம் பயின்றவர்கள். குருக்ஷேத்திரப் போரின் 18 நாள்களில் 17 நாள்கள் கௌரவர் படைக்குத் தலைமை தாங்கியவர்கள் இவர்கள்தாம்.

துரோணர் வறுமையோடு போய் நின்றபோது பரசுராமரிடம் செல்வம் எதுவும் மிஞ்சவில்லை. உடலும் ஆயுதங்களும் மட்டுமே இருந்தன. எது வேண்டும் என்று கேட்டார். அஸ்திரங்களை எய்யும் முறை, திரும்ப அழைக்கும் முறை, அவற்றின் இரகசியம் எல்லாவற்றோடும் சேர்த்துத் தரும்படி துரோணர் வேண்டினார். குறைவின்றிக் கிடைத்தன. திரும்ப அழைக்கத் தெரியாதவன் கையில் அஸ்திரம் என்னாகும் என்பதைத் துரோணரின் மகன் அசுவத்தாமனிடம் பார்க்கலாம். அவன் ஏவிய பிரம்மசிரஸ் என்னும் அஸ்திரத்தை அவனால் மீட்க முடியவில்லை; அது பாண்டவர் குலப் பெண்களின் கருவை நோக்கிப் போயிற்று. அந்த அஸ்திரம் அகத்தியரின் சீடர் அக்னிவேசர் வழியாகத் துரோணருக்கு வந்தது, பரசுராமர் தந்ததன்று.

பீஷ்மரோடு உறவு வேறு மாதிரி. பீஷ்மரால் வாழ்விழந்த காசி இளவரசி அம்பையின் பொருட்டுக் குருவும் சீடனும் 23 நாள்கள் போரிட்டனர். போர் தொடங்குமுன் பீஷ்மர் தேரிலிருந்து இறங்கி, வில்லை வைத்துவிட்டு, நடந்துவந்து குருவின் காலில் விழுந்து அனுமதி கேட்டார். அப்படி வராதிருந்தால் சபித்திருப்பேன் என்றார் பரசுராமர். ஆனால் வெற்றி பெறுக என்று வாழ்த்த மறுத்தார். வெல்வதற்காகத்தானே எதிரே நிற்கிறேன் என்பது அவர் பதில். எதிர்த்து நிற்கும் மாணவனிடமும் அவர் எதிர்பார்த்தது மரியாதை ஒன்றைத்தான். போர் முடிவின்றி நின்றது. சீடனை வெல்ல முடியவில்லை என்று அம்பையிடம் ஒப்புக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை.

கர்ணன் கதையில்தான் இந்தக் குருவின் மறுபக்கம் தெரிகிறது. பிரம்மாஸ்திரம் கேட்டபோது துரோணர் மறுத்துவிட்டதால், பார்க்கவ கோத்திரத்து அந்தணன் என்று சொல்லி மகேந்திர மலையில் சேர்ந்தான். விரதத்தால் சோர்ந்த குரு ஒரு நாள் அவன் மடியில் தலைவைத்துத் தூங்கினார். புழு ஒன்று தொடையைத் துளைத்தது. குருவின் தூக்கம் கலையக்கூடாதென்று அவன் அசையவில்லை. குருதி உடலில் பட்டு விழித்தவர், அந்தணனால் இவ்வளவு வலியைத் தாங்க முடியாது, உண்மையைச் சொல் என்றார். சூதன் மகன் என்று சொன்ன கர்ணன், குரு தந்தைக்குச் சமம் என்பதால்தான் உங்கள் கோத்திரத்தைச் சொன்னேன் என்றும் வாதாடினான். பொய் பொய்தான். ஆயினும் அந்த வாதத்துக்குப் பரசுராமரிடம் பதில் இல்லை, சாபமே இருந்தது. சமமான எதிரியோடு பொருதுகையில், சாகும் வேளையில் பிரம்மாஸ்திரம் நினைவுக்கு வராது என்றார். அதே மூச்சில், போரில் உனக்கு நிகரான சத்திரியன் இருக்கமாட்டான் என்றும் சொல்லி அனுப்பினார். வலி பொறுத்துத் தூக்கம் காத்த மாணவனின் பணிவைவிட அவன் பிறப்பு அவருக்குப் பெரிதாகப் பட்டது. கற்பித்தலில் பரசுராமர் சறுக்கிய இடம் இது. 17ஆம் நாள் போரில் சாபம் பலித்தது.

பிற்கால மரபிலும் ஆசிரியர் என்ற நிலை தொடர்கிறது. கேரளப் போர்க்கலையான களரிப்பயற்றின் வடக்கன் முறை பரசுராமரையும், தெக்கன் முறை அகத்தியரையும் முதல் குருவாகக் கொள்கின்றன. சிரஞ்சீவியாகக் கருதப்படும் அவர், கலியுக முடிவில் தோன்றும் கல்கிக்கும் குருவாவார் என்கிறது கல்கி புராணம்.