டலசிலிருந்து பலாலிக்கு எவ்வளவு தூரம்?



பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விதான்: ஊருக்குப் போக எத்தனை மணித்தியாலம்? வீட்டில் பூகோள உருண்டை இருந்தால், ஒரு நூலின் ஒரு நுனியை இர்விங்கிலும் மறு நுனியை யாழ்ப்பாணத்திலும் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வட துருவத்துக்குக் கிட்டவாகப் போகும். நாங்கள் இருப்பது மேற்கு நெடுங்கோடு 97 பாகையில். யாழ்ப்பாணம் கிழக்கு 80 பாகையில். தூரம் ஏறக்குறைய 15,250 கிலோமீற்றர். சிங்கப்பூர்–நியூயோர்க் நேரடி விமானம் இதேயளவு தூரத்தைப் பதினெட்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்துவிடுகிறது.

எமக்கு அப்படி நேரடி விமானம் இல்லை. 2012இல் துபாயிலிருந்தும் 2014இல் டோகாவிலிருந்தும் டலசுக்கு விமானங்கள் வரத் தொடங்கின. அதன்பின் வளைகுடாவில் ஒருமுறை மாறி ஏறிக் கொழும்பு போகலாம் என்றாயிற்று.

ஆனால் எம்மவரின் காலத்தைத் தின்றது இந்தப் பதினையாயிரம் கிலோமீற்றர் அல்ல. கடைசியாக வரும் முந்நூறு, நானூறு கிலோமீற்றர்தான்.

1947 டிசம்பர் 10. இலங்கையின் சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முந்தி, ஏயார் சிலோனின் முதலாவது விமானம் ரத்மலானையிலிருந்து கிளம்பியது. 'சீதாதேவி' என்று பெயரிட்ட டக்கோட்டா அது. காங்கேசன்துறையில், அதாவது எங்கள் பலாலியில், இறங்கி ஏறிச் சென்னைக்குப் போனது. பலாலிக்கும் சென்னைக்கும் இடையில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். டலசிலிருந்து ஹூஸ்டனுக்கு வானில் இருக்கும் தூரம். டக்கோட்டாவின் வேகத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும்.

பிறகு நடந்தது உங்களில் பலர் அனுபவித்தது. 1990இல் பலாலியைச் சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. தொண்ணூறுகளின் முற்பகுதியில் கொழும்புக்குப் போவதென்றால் இரவில் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடக்க வேண்டும். எப்போது போய்ச் சேர்வோம் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேல் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பயணிகள் பெரும்பாலும் எம்மவரே. சிதைவுகள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட 2012 ஆயிற்று.

2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனா வந்து 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. பயணம் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில். கிட்டத்தட்ட எண்பது வருடத்தில் டக்கோட்டாவைவிடப் பெரிதாக ஒன்றும் மிச்சம் பிடிக்கவில்லை!

அங்கே இறங்குகிறவர்கள் யன்னலால் எட்டிப் பாருங்கள். ஓடுபாதையைச் சூழத் தெரியும் காணிகளில் ஒரு பகுதி இன்னமும் படையினர் வசம் இருக்கிறது. அவற்றின் உரித்தாளர் சிலர் 1990இல் வெளிக்கிட்டபின் தங்கள் வீட்டு வளவை இன்னும் மிதிக்கவில்லை.