கடலில் ஒரு நாள்: ரஜூலா கப்பலும் பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டங்களும்



சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கிள்ளான் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பலில் போனோம். மூன்று இரவுப் பயணம். அதில் ஒரு நாள் முழுக்கக் கப்பல் எந்தக் கரையையும் தொடாது. பசியாறிவிட்டு மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில் படுத்தவள், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். பிள்ளைகள் நீச்சல் குளத்தை விட்டு வரவே இல்லை. திருத்த வேண்டிய நோட்டுப் புத்தகம் இல்லை, மணி அடிக்கவில்லை. சுற்றிலும் தண்ணீர்தான். உண்மையிலேயே நல்ல ஓய்வு.

அன்று மாலையில் பாட்டியின் நினைவு வந்தது. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே வாழ்நாளைக் கழித்தவர். பல ஆண்டுகளுக்கு முன்பு, "ஒரு தடவ கப்பல்ல போயிட்டு வரலாமா பாட்டி?" என்று கேட்டிருந்தேன். அவர் உடனே திருப்பிக் கேட்டார்: "எறங்குனதும் எத்தன நாளைக்கு அடைச்சு வைப்பாங்க?"

நான் சிரித்துவிட்டேன். வரலாறு தெரியாததால் வந்த சிரிப்பு அது. ஏழு வயதுச் சிறுமியாக 1930களில் ரஜூலா கப்பலில் வந்தவர் அவர். கப்பல் என்றாலே அவருக்கு நோய்த்தடுப்பு முகாம்தான் நினைவு.

ரஜூலா யாருடைய கப்பல்? பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. மொத்தக் கொள்ளளவு சுமார் 8,500 டன். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. தகரப் பெட்டிதான் தலையணை.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ ஒரு வாரம். "மொத ரெண்டு நாளு யாரும் சோறு திங்கல. எங்கம்மா எந்திரிக்கவே இல்ல. ஒரே வாந்தி" என்பார் பாட்டி. மூன்றாம் நாள் கடல் அமைதியானதாம். பிள்ளைகள் ஓடி விளையாடினார்களாம், பெண்கள் ஒருவருக்கொருவர் பேன் பார்த்தார்களாம், யாரோ தப்பு அடித்துப் பாடினார்களாம். அவர்களுக்கும் கடலில் ஓய்வான ஒரு நாள் இருந்திருக்கிறது. வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. வேலை வாங்க ஆள் இல்லாத ஒரு நாள். மறுபடி அப்படி ஒரு நாள் தன் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை என்று பாட்டி சொல்வார்.

கரை சேர்ந்ததும் முகாம். அம்மை, காலரா பரவிவிடும் என்ற அச்சத்தால், பினாங்கில் இறங்கிய தொழிலாளர்களைப் பூலாவ் ஜெரெஜாக் தீவில் தங்க வைத்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமிலும் ஒரு முகாம் இருந்தது. பாட்டியின் குடும்பம் அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு, லோரியில் தோட்டத்துக்கு வந்தது.

இந்தத் தலைப்பில் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் மூன்று பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதல் பிழை: "நம் முன்னோர் அனைவரும் ரஜூலாவில் வந்தனர்." அந்தக் கப்பல் ஓடத் தொடங்கியதே 1926இல்தான். நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரே தமிழ்ப் பெயர். பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியே 1917இல் அங்கே செம்பனை நட்டார். வணிக நோக்கில் இந்நாட்டில் நடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். பிற்பாடு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. ஆக, ரஜூலாவுக்கு முன்பே தமிழர் உழைப்பு இந்த மண்ணில் இறங்கிவிட்டது. அவர்கள் வேறு கப்பல்களில் வந்தவர்கள்.

இரண்டாம் பிழை: "அனைவரும் ஒப்பந்தக் கூலிகள்." மலாயாவுக்கு ஒப்பந்த முறையில் ஆள் எடுப்பது 1910இல் முடிந்துவிட்டது. அதன்பின் ஓங்கியது கங்காணி முறை. தோட்டத்துக் கங்காணி தன் ஊருக்கே போய்ச் சொந்தபந்தங்களை அழைத்து வருவார். 1907இல் அமைந்த இந்தியக் குடியேற்றக் குழுவின் கீழ், தோட்ட முதலாளிகள் கட்டிய நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. டிக்கெட் இலவசம்தான். "ஆனா கங்காணிய எதுத்து ஒரு வார்த்த பேச முடியாது" என்பார் பாட்டி. தாளில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கட்டுப்பாடு இருந்தது. இந்த வேறுபாட்டை எழுதும் மாணவருக்கு நல்ல புள்ளி கிடைக்கும்.

மூன்றாம் பிழை: "கப்பலில் கூலிகள் மட்டுமே வந்தனர்." வணிகர், கிராணி, ஆசிரியர், ஊருக்குப் போய்த் திருமணம் முடித்துத் திரும்பியவர் எனப் பலரும் வந்தனர். உதவித் தொகையோடு தொழிலாளர் வருவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. 1953இல் இங்கே குடிநுழைவுச் சட்டம் இறுகியது. அதற்குப் பிறகும் ரஜூலா 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அடுத்து வந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தனர். அத்தோடு அந்தக் கடல்வழி முடிந்தது.

பெயர்களும் மாறிவிட்டன. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகம் ஆனது. பத்தாங் பெர்ஜுந்தாய் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. லயங்கள் இடிந்து, தோட்டத்து மக்கள் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். இடமும் பெயரும் போனபின் மிஞ்சுவது வாய்ச்சொல் ஒன்றுதான்.

பாட்டி இப்போது இல்லை. எந்த முகாமில் ஏற்றினார்கள், எந்த ஆண்டு, கூட வந்தவர்கள் யார் என்று நான் கேட்கவே இல்லை. பட்டப்படிப்புக்கு ஆய்வேடெல்லாம் எழுதினேன். வீட்டுக்குள் இருந்த ஆவணத்தை விட்டுவிட்டேன்.

வகுப்பில் செய்யலாம்:

1. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள்: நம் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார்? எந்த ஊர்? எந்தக் கப்பல்? எந்தத் தோட்டம்?

2. அவர் பேசுவதை அப்படியே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். திருத்த வேண்டாம்.

3. பழைய கடப்பிதழ், பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை இருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

4. அவர் சொன்ன ஆண்டை மேலே உள்ள ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள். 1926க்கு முன்பா, 1938க்குப் பின்பா?

"உல்லாசக் கப்பலில் ஒரு நாள்" என்ற தலைப்பு தேர்வில் வந்தால் நீச்சல் குளத்தைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள், தவறில்லை. கூடவே ஒரு பத்தி, இதே மலாக்கா நீரிணையில் பாய் விரித்து வந்தவர்களுக்கும் ஒதுக்குங்கள். அந்தப் பத்திக்கு வேண்டிய செய்தி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.