தாஸ்மானியாவின் காட்டுநிலமும் ஒளிப்படக்காரர்களும்

ஆஸ்திரேலியாவின் தெற்கே, பாஸ் நீரிணைக்கு அப்பால் உள்ள தாஸ்மானியா ஏறத்தாழ இலங்கையின் பரப்பளவு கொண்ட தீவு. பழங்காலப் பனியாறுகள் செதுக்கிய மலைகளும், குளிர்மழைக்காடுகளும், சதுப்புப் புல்வெளிகளும் அதன் மேற்கிலும் தென்மேற்கிலும் பரந்துள்ளன. நெடுங்காலம் அங்கே சாலைகள் இல்லை. நடந்தோ படகிலோ சென்ற சிலரே அந்நிலத்தைக் கண்டனர். மற்றவர்கள் அவர்கள் எடுத்துவந்த ஒளிப்படங்களின் வழியாகவே அதை அறிந்தனர். அங்கே ஓர் ஏரி மூழ்கியபோதும் ஓர் ஆறு தப்பியபோதும் அந்தப் படங்கள் சாட்சியாக நின்றன.

ஸ்காட்லாந்தில் பிறந்து 1878-இல் தாஸ்மானியாவுக்கு வந்த ஜான் வாட் பீட்டி முன்னோடிகளில் ஒருவர். எடை மிகுந்த கண்ணாடித் தகடுகளைச் சுமந்து மலைகளுக்கும் மேற்குக் கரைக்கும் சென்று படமெடுத்தார். அவற்றை ஊர்மக்களுக்கு விளக்குப்படக் காட்சிகளாகக் காட்டினார்.

ஆஸ்திரியாவிலிருந்து வந்த குஸ்டாவ் வைண்டார்ஃபர் 1910-இல் கிரேடில் மலையின் உச்சியில் ஏறினார். அப்பகுதி மக்களுக்கான பூங்காவாக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1912-இல் அங்கேயே கிங் பில்லி பைன் மரத்தால் ‘வால்ட்ஹைம்’ என்ற விடுதியைக் கட்டினார். மனைவி கேட் 1916-இல் இறந்த பிறகும் அந்த மலையடியிலேயே தங்கினார். 1922-இல் கிரேடில் மலை முதல் செயின்ட் கிளேர் ஏரி வரையிலான நிலம் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அவற்றை இணைக்கும் நடைத்தடத்தை 1931-இல் பொறிவேட்டைக்காரரான பெர்ட் நிக்கல்ஸ் அடையாளமிட்டார். ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ‘ஓவர்லாண்ட் தடம்’ இன்று உலகெங்கிலுமிருந்து நடையர்களை ஈர்க்கிறது.

தென்மேற்கின் கதை இவ்வளவு அமைதியாக நடக்கவில்லை. அங்கிருந்த பெடர் ஏரியின் கரையில் இளஞ்சிவப்பு குவார்ட்சைட் மணல் பரந்து கிடந்தது. கோடையில் நீர் வடிந்ததும் சிறு விமானங்கள் அந்த மணலில் இறங்கும். 1955-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1967-இல் நீர்மின் திட்டத்துக்காக அந்தப் பாதுகாப்பு நீக்கப்பட்டது.

லித்துவேனியாவில் பிறந்து 1948-இல் அகதியாக வந்த ஒலேகாஸ் ட்ருசானாஸ் அந்த நீர்மின் ஆணையத்திலேயே ஊழியர். விடுமுறைகளில் தனியாக மலைநடை சென்றார், கயாக் படகில் கார்டன் ஆற்றில் இறங்கினார். 1967 பிப்ரவரியில் ஹோபார்ட்டைச் சூழ்ந்த காட்டுத்தீயில் 62 பேர் இறந்தனர். ட்ருசானாஸின் வீடும் பல்லாண்டுப் படத்தொகுப்பும் எரிந்தன. அவர் மீண்டும் அதே இடங்களுக்கு நடக்கத் தொடங்கினார்.

அணையைக் கட்டும் அமைப்பில் வேலை செய்துகொண்டு அணைக்கு எதிராக மேடையேறிப் பேசுவது எளிதல்ல. படங்களைக் காட்டலாம். ஹோபார்ட் நகர மண்டபத்தில் அவர் பெடர் ஏரியின் ஸ்லைடுகளைக் காட்டியபோது கூட்டம் நிரம்பியது. ஆனாலும் ஏரி தப்பவில்லை. 1972 ஜனவரியில், எரிந்துபோன படங்களுக்கு ஈடுசெய்யக் கார்டன் ஆற்றுக்குச் சென்ற ட்ருசானாஸ் நீரில் மூழ்கி இறந்தார். அதே ஆண்டு ஏரியும் அணைநீரில் மறைந்தது.

அவருடைய உடலைக் கண்டெடுத்தவர் அவருடைய இளம் நண்பர் பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ். லாட்வியப் பெற்றோருக்கு ஜெர்மனி அகதி முகாமில் 1945-இல் பிறந்த இவர் பெரிய தகட்டு கேமராவைச் சுமந்து நாட்கணக்கில் நடப்பவர். 1979-இல் ஃபிராங்க்ளின் ஆற்றின் ஒரு வளைவில், காலைப் பனிமூட்டத்தினூடே நீர் நடுவே நிற்கும் பாறைத் தீவைப் படமெடுத்தார்.

அந்த ஆற்றுக்கும் அணை திட்டமிடப்பட்டிருந்தது. அதைப் பழுப்பு நிறச் சாக்கடை என்றும் அட்டைகள் மலிந்தது என்றும் மாநில முதல்வர் ராபின் கிரே எள்ளினார். நீர் பழுப்பு என்பது உண்மைதான். புல்வெளிகளின் மட்கிய மண்ணிலிருந்து கசியும் சாறு தரும் நிறம் அது. 1982 டிசம்பரில் தொடங்கிய முற்றுகைப் போராட்டத்தில் 1,200-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1983 மார்ச் 5 தேர்தலுக்கு முன் டோம்ப்ரோவ்ஸ்கிஸின் படம் பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க வண்ண விளம்பரமாக வந்தது. நாளிதழ்கள் கறுப்பு வெள்ளையாக இருந்த காலம் அது. அணையை எதிர்த்த தொழிலாளர் கட்சி வென்றது. ஜூலை 1-இல் நாட்டின் உயர் நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் மத்திய அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, அணை கைவிடப்பட்டது. ஒரு படமே ஆற்றைக் காத்தது என்று சொல்வது மிகை. சிறை சென்றவர்களும் வழக்காடியவர்களும் இல்லாமல் அது நடந்திருக்காது.

இப்படங்களில் மனிதர்களைக் காண்பது அரிது. ஆளில்லாக் காடு என்ற தோற்றத்தை அவை தருகின்றன. ஃபிராங்க்ளின் கரையிலுள்ள குட்டிகினா குகையில் கிடைத்த கல்கருவிகளும் எலும்புகளும் வேறு கதை சொல்கின்றன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்திலேயே, தாஸ்மானியத் தொல்குடியினர் அங்கு வாழ்ந்தனர். இந்தக் குகையும் அணைக்கு எதிரான வாதத்தில் வலுவான சான்றாயிற்று.

டோம்ப்ரோவ்ஸ்கிஸ் 1996-இல் வெஸ்டர்ன் ஆர்தர் மலைத்தொடரில் தனியே படமெடுக்கச் சென்றபோது மாரடைப்பால் இறந்தார். பழைய ஏரியை மூழ்கடித்த நீர்த்தேக்கம் இன்றும் பெடர் ஏரி என்றே அழைக்கப்படுகிறது. 1990-களில் அதில் இறங்கிய முக்குளிப்பவர்கள், அந்தப் பழைய மணற்கரை அடியில் பெரிதும் கலையாமல் கிடப்பதைக் கண்டனர். நீரை வடித்து ஏரியை மீட்க வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் ஓயவில்லை.