கர்நாடகப் பேர்வழி

பழைய வழக்கத்தை விடாத மனிதரைப் பார்த்தால் "சுத்தக் கர்நாடகம்" என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. அதில் கொஞ்சம் கேலி உண்டு. கொஞ்சம் பிரியமும் உண்டு. இங்கிலாந்தில் அந்தப் பேர்வழிக்குக் கன்சர்வேடிவ் என்று பெயர். எதிர்வரிசையில் இருப்பவர் லிபரல். முன்னவர் பணக்காரர் பக்கம், பின்னவர் ஏழைகள் பக்கம் என்று நம்மில் பலர் சுலபமாகத் தீர்மானித்து வைத்திருக்கிறோம். இந்தத் தீர்மானம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதற்கு எட்மண்ட் பர்க்கின் கதையைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

கன்சர்வேடிவ் தத்துவத்தின் தந்தை என்று உலகம் பர்க்கைச் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவர் அந்தப் பெயருள்ள கட்சியில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அவர் கண்ணை மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் டோரிகள் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். பர்க் கடைசிவரை தம்மை 'விக்' என்றே சொல்லிக்கொண்டார். அரசனுடைய அதிகாரத்துக்குக் கடிவாளம் போட வேண்டும் என்ற கட்சி அது.

பர்க் டப்ளின் நகரத்து வக்கீலின் பிள்ளை. தாயார் கத்தோலிக்க மதம். அயர்லாந்தில் கத்தோலிக்கர்களுக்கு ஓட்டுக்கூட இல்லாத காலம் அது. 1765-ல் பார்லிமெண்டுக்குள் நுழைந்த பர்க், அந்தக் கத்தோலிக்கர்களுக்காக வாதாடினார். 1775-ல் அமெரிக்கக் குடியேற்றங்களோடு சமாதானமாகப் போங்கள் என்று மணிக்கணக்கில் பிரசங்கம் செய்தார். பிறகு அவருடைய கண் நம் ஊர்ப் பக்கம் திரும்பியது.

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே கொள்ளை வட்டிக்குக் கடன் வாங்கி, அதற்கு ஈடாகச் சீமையின் வரி வசூலை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பால் பென்பீல்டு என்ற கம்பெனிக்காரர் இந்தக் கடன்காரர்களில் முதல்வர். 1784-ல் லண்டன் சர்க்கார், கடன் உண்மைதானா என்று விசாரிக்காமலே, கர்நாடகத்து வருமானத்திலிருந்து அதை அடைக்க உத்தரவு போட்டது. 1785 பிப்ரவரி 28-ந் தேதி இதைப் பற்றிய தஸ்தாவேஜுகளைக் கேட்டு ஒரு பிரேரணை வந்தது. அதை ஆதரித்துப் பர்க் பேசினார்.

அந்தப் பேச்சில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஏரிகள். இந்தியாவில் காலே வைக்காத அந்த மனிதர், கம்பெனியின் ஜாகீர்ப் படத்தை - பிற்காலத்துச் செங்கல்பட்டு ஜில்லாவை - எதிரே விரித்து வைத்துக்கொண்டு ஏரிகளை எண்ணியிருக்கிறார். ஆயிரத்து நூறுக்கு மேல் இருந்தன. கர்நாடகத்திலும் தஞ்சாவூரிலுமாகப் பதினாயிரத்துக்குக் குறையாது என்று கணக்குச் சொன்னார். இவற்றை வெட்டிய அரசர்கள் தங்களுக்குப் பிறகு வரும் தலைமுறைகளுக்கும் தகப்பனாக இருக்க ஆசைப்பட்டவர்கள் என்றார். 1780-ல் ஹைதர் அலியின் படையெடுப்பில் பாழான பூமிக்கு ஏரி, கரை, மதகு, விதை என்று செலவழிக்க வேண்டிய பணத்தை வட்டிக்காரன் கையில் கொடுக்கிறீர்களே என்பதுதான் அவருடைய ஆத்திரம். பிரேரணை தோற்றுப்போயிற்று.

பிரேரணையைக் கொண்டுவந்தவர் சார்ல்ஸ் ஜேம்ஸ் பாக்ஸ். பிரபு வீட்டுப் பிள்ளை. பத்தொன்பது வயதில் பார்லிமெண்ட் மெம்பர். சூதாட்டத்தில் அவர் பட்ட கடனைத் தீர்க்கத் தகப்பனார் லட்சம் பவுனுக்கு மேல் கொட்டிக் கொடுத்தார். இருபது வயது மூத்த பர்க்கைப் பாக்ஸ் தம் அரசியல் குருவாக மதித்தார். நாவல் எழுதுகிறவன் இப்படி ஒரு ஜோடியைக் கற்பனை செய்தால், பணக்காரப் பிள்ளையைத்தான் கன்சர்வேடிவாகப் போட்டிருப்பான். சரித்திரம் மாற்றிப் போட்டது.

1789 ஜூலையில் பாரிஸில் பாஸ்டீல் கோட்டை விழுந்தது. உலகத்தில் இதைவிடப் பெரிய, நல்ல காரியம் நடந்ததில்லை என்று பாக்ஸ் பூரித்துப்போனார். பர்க்குக்கு அடிவயிறு கலங்கியது. 1790 நவம்பரில் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்துப் புஸ்தகம் வெளியிட்டார். நேற்றுவரை புரட்சிக்காரராகத் தெரிந்தவர் பணத்துக்கு விலைபோய்விட்டார் என்று பலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கட்டிய ஏரியை ஒரு வட்டிக்காரன் பாழாக்குவதைப் பார்த்துப் பதறியவர், தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ராஜ்யத்தை ஒரு சபை ஒரே வருஷத்தில் பிரித்துப் போடுவதைப் பார்த்தும் பதறினார். பதற்றம் ஒன்றுதான். ஆனால் கர்நாடகத்தில் பட்டினி கிடந்த குடியானவன் அவர் கண்ணில் பட்டான். பிரான்ஸில் ரொட்டி கேட்டு வெர்சேல்ஸுக்கு நடந்த பெண்கள் படவில்லை. அரண்மனையில் பயந்து ஓடிய ராணிதான் பட்டாள். இது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன். பாக்ஸுக்கு அந்தப் பெண்கள் தெரிந்தார்கள். அடுத்தாற்போல் வரப்போகிற கில்லட்டின் தெரியவில்லை. புரட்சியின் முடிவில் ஒரு சேனாதிபதி எஜமானாகி விடுவான் என்று பர்க் எழுதினார். 1799-ல் நெப்போலியன் அதைச் செய்து காட்டியபோது, பார்க்கப் பர்க் இல்லை.

1791 மே 6-ந் தேதி காமன்ஸ் சபையில் கனடா அரசியல் அமைப்பைப் பற்றிய விவாதம். பர்க் அதை விட்டுப் பிரான்ஸைப் பற்றிப் பேசினார். சபையில் கூச்சல். சிநேகம் போய்விடவில்லையே என்று பாக்ஸ் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னார். போய்விட்டது, என் கடமைக்கு விலையாக என் சிநேகிதனைக் கொடுத்துவிட்டேன் என்று பர்க் சபையறியச் சொன்னார். பதில் சொல்ல எழுந்த பாக்ஸினால் வெகுநேரம் பேச முடியவில்லை; கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

இருவருக்கும் உள்ள வித்தியாசத்தை அடிமை வியாபாரத்திலும் பார்க்கலாம். இருவரும் அதை வெறுத்தார்கள். பர்க் 1780 வாக்கிலேயே அதற்கு ஒரு சட்டத் திட்டம் எழுதியிருந்தார். கப்பலில் இத்தனை இடம், தோட்டத்தில் இத்தனை ஓய்வு என்று கட்டுப்பாடுகளைப் போட்டு, படிப்படியாக வியாபாரத்தை வற்ற அடிப்பது யோசனை. 1789-ல் வில்பர்போர்ஸ் ஒழிப்புப் பிரேரணை கொண்டுவந்தபோது ஆதரித்துப் பேசினாலும், 1792-ல் பழைய திட்டத்தையே மந்திரி டண்டாஸுக்கு அனுப்பினார். அதே வருஷம் டண்டாஸ் "படிப்படியாக" என்ற சொல்லைச் சபையில் சேர்த்தபோது, பாக்ஸ் சீறினார். கொடுமையை மிதமாகச் செய்வது என்றால் என்ன என்று கேட்டார். அந்த இடத்தில் நான் பாக்ஸ் கட்சி. "படிப்படியாக" என்ற சொல் அந்த வியாபாரிகளுக்குப் பதினைந்து வருஷம் சம்பாதித்துக் கொடுத்தது.

1797-ல் பர்க் பீகன்ஸ்பீல்டில் படுக்கையில் கிடந்தார். ஒரே மகன் மூன்று வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டான். பாக்ஸ் வந்து பார்க்க அனுமதி கேட்டார். மனசு துடிக்கிறது, ஆனாலும் கொள்கைக்காகப் பிரிந்தவர் இப்போது பார்த்தால் அந்தக் கொள்கைக்கே பழுது வரும் என்று மனைவியை விட்டுப் பர்க் பதில் எழுதச் சொன்னார். ஜூலை 9-ந் தேதி உயிர் போயிற்று. வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் சர்க்கார் மரியாதையோடு அடக்கம் செய்ய வேண்டும் என்று பாக்ஸ் சொன்னார். ஆனால் பர்க் உயிலில் வேறு விதமாக எழுதி வைத்திருந்தார். உள்ளூர் மாதா கோவிலில், மகனுக்கு அருகில் புதைத்தார்கள்.