தொண்ணூறு செகண்டுக்கு ஒருதரம்

இன்னிக்கு ஒரு பழைய நெட்வொர்க் கதை. ஆரம்பம் மட்டும் எங்க மல்லாங்கிணறு டீக்கடை.

காலையில பட்டாசு ஆபீஸ் வண்டிங்க ஆளேத்த வந்து நிக்கும். ஒண்ணொண்ணா வந்தா மாஸ்டர் டீயும் ஆத்துவார், கணக்கும் முடிப்பார். நாலும் சேர்ந்து வந்து "கணக்கு பாருங்கண்ணே"ன்னா டீ ஆத்துறது நின்னுடும். ரெண்டு வேலைக்கும் இருக்கிறது ஒரே ஆள்.

ரூட்டரும் அப்படித்தான். நம்ம பாக்கெட்டை அனுப்புறது டீ. பக்கத்து ரூட்டர்களோட பேசிக்கிறது கணக்கு. "நான் உயிரோட இருக்கேன், என் வழியா இந்த ஊருக்கெல்லாம் போகலாம்"னு குறிச்ச நேரத்துக்கு ஒருதரம் சொல்லணும். ரிப் என்கிற முறையில 30 செகண்டுக்கு ஒருதரம். 180 செகண்ட் சத்தமே இல்லைன்னா அந்த வழி செத்துப்போச்சுன்னு முடிவு கட்டிடுவாங்க. அதனால கணக்கைத் தள்ளிப் போடவும் முடியாது.

1992 மே மாசம். நம்ம நாட்டுல பொதுமக்களுக்கு இணையம் வர (1995 ஆகஸ்ட் 15) இன்னும் மூணு வருசம் இருக்கு. அமெரிக்காவுல பெர்க்லியில இருந்து எம்.ஐ.டி.க்கு செகண்டுக்கு ஒண்ணு வீதம் ஆயிரம் பிங் அனுப்பிப் பார்த்தாங்க. சரியா 90 செகண்டுக்கு ஒருதரம் சில பாக்கெட்டுகள் கொத்தாக் காணாமப் போச்சு. காரணம், வழியில இருந்த நியர்நெட் ரூட்டர்கள். அங்க ஓடின ஐஜிஆர்பி முறையில கணக்கு நேரம் 90 செகண்ட். எல்லாம் ஒரே சமயத்துல கணக்குப் பார்க்க உட்கார்ந்தா டீ எங்கே கிடைக்கும்?

இதை ஆராய்ஞ்சவங்க சாலி ஃப்ளாய்டும் வான் ஜேக்கப்சனும். 1993 சிக்காம் மாநாட்டுல கட்டுரையா வந்துச்சு. அவங்க கேட்ட கேள்விதான் அழகு: தனித்தனிக் கடிகாரம், தனித்தனி நேரத்துல ஆன் பண்ணினது, யாரும் சேரச் சொல்லலை. அப்புறம் எப்படி ஒண்ணு சேர்ந்துச்சு?

விசயம் இதுதான். ஒரு ரூட்டர் தன் கணக்கைத் தயார் பண்ணும்போதே பக்கத்து ரூட்டரோட கணக்கும் வந்துட்டா, அதையும் முடிச்சிட்டுத்தான் தன் கடிகாரத்தைத் திரும்ப ஓட விடும். பக்கத்து ரூட்டரும் அதே மாதிரி. ரெண்டும் ஒரே நேரத்துல முடிக்கும், அடுத்த தடவை ஒரே நேரத்துல கிளம்பும். ஒருதரம் ஒட்டினது லேசுல பிரியாது. மூணாவது வந்து மாட்டும். கடைசியில மொத்தக் கூட்டமும் ஒரே தாளம்.

மருந்து? கொஞ்சம் ஒழுங்கின்மை! 30 செகண்டுன்னா ஒவ்வொரு தடவையும் 15-ல இருந்து 45-க்குள்ள ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்துக்கோன்னாங்க. ரிப் பத்தி 1988-லயே வந்த ஆர்எஃப்சி 1058 இந்த ஆபத்தைச் சொல்லி எச்சரிச்சிருந்துச்சு. யார் காதுல விழுந்துச்சு? நியர்நெட்ல பிறகு கணக்கு நடக்கும்போதே பாக்கெட்டும் போகிற மாதிரி மென்பொருளை மாத்தினாங்க. இன்னிக்குப் பெரிய ரூட்டர்கள்ல பாக்கெட் அனுப்பத் தனிச் சில்லு, கணக்குக்குத் தனி மூளை, "உயிரோட இருக்கேன்" பாக்கெட்டுக்குத் தனி வரிசை. ஆனாலும் குலுக்கல் போகலை. 2010-ல வந்த பிஎஃப்டி முறையிலயும் இடைவெளியை 25 சதவீதம் வரைக்கும் தாறுமாறாக் குறைக்கணும்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு கேட்கலாம். முன்னே விருதுநகர்ல ஒரு மண்டிக்காக ஆறு கம்ப்யூட்டரும் ராத்திரி சரியா பத்து மணிக்குக் கணக்கு அனுப்புற மாதிரி எழுதிக் கொடுத்தேன். தினமும் பத்து மணிக்கு லைன் படுத்துடும். ஒரு மாசம் லைன்காரங்களோட மல்லுக்கட்டினேன், அதுல ஒரு சின்னப் பையனை வாய்க்கு வந்தபடி திட்டவும் செஞ்சேன். அப்புறம்தான் இந்தக் கட்டுரை கண்ணுல பட்டுச்சு. அந்த ரூட்டர்களை யாரும் சேர்க்கலை, தானாச் சேர்ந்துச்சு. இங்கே சேர்த்து வச்சதே நான்தான். ஆறுக்கும் ஆறு நேரம் மாத்தினேன், சரியாப் போச்சு.

அந்தப் பையனைத் தேடிப் போனேன், வேலையை விட்டுட்டுப் போயிட்டானாம். சாலி ஃப்ளாய்டும் 2019-ல காலமாயிட்டாங்க. ஒருத்தர்கிட்ட மன்னிப்பு, இன்னொருத்தருக்கு நன்றி. ரெண்டும் பாக்கி.