வரி வாங்க முடியாத அரசாங்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைப் பேசுவோர் 1776-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்திலிருந்து ஒரே தாவாக 1787-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்துக்குச் சென்றுவிடுவர். இடையே பதினோராண்டுகள் கிடக்கின்றன. அக்காலத்தில் அந்நாட்டினர் வகுத்துக்கொண்ட முதல் ஆட்சிமுறை தோற்றுப்போயிற்று. வெற்றிகளைக் காட்டிலும் அந்தத் தோல்வியைப் படிப்பதிலேதான் எனக்குச் சுவை மிகுதி.

கூட்டமைப்பு விதிகள் என்பது அதன் பெயர். 1777 நவம்பரில் காங்கிரஸ் மகாசபை அவற்றை ஏற்றது. மேற்குத் திசை நிலங்களைப் பற்றிய வழக்கினால் மேரிலாந்து இணங்க மறுத்து நின்றமையால், 1781 மார்ச்சில்தான் அவை நடைமுறைக்கு வந்தன. பதின்மூன்று ராஜ்யங்கள், பெரிய வர்ஜீனியாவுக்கும் ஒரு வாக்கு, சிறிய டெலவேருக்கும் ஒரு வாக்கு. முக்கியமான காரியங்களுக்கு 9 ராஜ்யங்களின் இசைவு வேண்டும். விதிகளைத் திருத்தவோ பதின்மூன்றும் ஒருமிக்கத் தலையசைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விஞ்சிய குறை ஒன்று உண்டு. மகாசபை போர் தொடுக்கலாம், கடன் வாங்கலாம், உடன்படிக்கை செய்யலாம். ஒரு காசு வரி விதிக்க மட்டும் அதற்கு அதிகாரமில்லை. "உங்கள் பங்கை அனுப்புங்கள்" என்று ராஜ்யங்களுக்கு எழுதலாம், அவ்வளவே. மனம் வந்தால் அனுப்பும்; வராவிட்டால் கேட்பாரில்லை. லண்டன் பாராளுமன்றம் விதித்த வரியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய மக்கள், தம் ஊரிலேயே இன்னொரு வரி அதிகாரியை நியமிக்க அஞ்சியது இயற்கை. அதை மடமை என்று சொல்ல நான் துணியேன். (வரி கொடுப்பதில் நமக்குள்ள உற்சாகத்தையும் நாம் அறிவோமல்லவா?) ஆயினும் அந்த அச்சத்துக்கு விலை கொடுத்தவன் போர்க்களத்தில் நின்ற சிப்பாய். 1783 ஜூனில், சம்பளம் காணாத சிப்பாய்கள் பிலடெல்பியாவில் சபை கூடிய கட்டடத்தைத் துப்பாக்கிகளுடன் சூழ்ந்துகொண்டனர். கொடுக்கப் பணமும் இல்லை, அடக்கப் படையும் இல்லை. சபையினர் பிரின்ஸ்டன் என்னும் சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தனர். பிரிட்டனை வென்ற அரசாங்கம் தன் சிப்பாய்களுக்கே அஞ்சி ஊர் மாறிற்று!

இறக்குமதிப் பண்டங்களுக்கு நூற்றுக்கு 5 வீதம் தீர்வை விதிக்கலாம் என்று 1781-இல் ஒரு யோசனை எழுந்தது. ரோட் தீவு என்னும் மிகச் சிறிய ராஜ்யம் 1782-இல் மறுத்தது, யோசனை மடிந்தது. மறுமுறை 1783-இல் முயன்றபோது நியூயார்க் குறுக்கே நின்றது.

சமாதான உடன்படிக்கையின் கதையும் இத்தகையதே. 1783 செப்டம்பரில் பாரிஸில் கையெழுத்தாயிற்று. ஆறு மாதத்துக்குள் ஒப்புதல் பரிமாறப்பட வேண்டும். 9 ராஜ்யங்களின் பிரதிநிதிகள் அன்னாபொலிஸ் நகரில் வந்து சேர 1784 ஜனவரி 14 ஆகிவிட்டது.

1786-இல் மாசாசூசெட்ஸின் மேற்குப் பகுதி உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். போர்க் கடனைத் தீர்க்க அந்த ராஜ்யம் வரியைக் கடுமையாக உயர்த்தியிருந்தது. நாணயமோ கைக்கு எட்டவில்லை. நிலம் போயிற்று, சிறையும் வாய்த்தது. போரில் காப்டனாயிருந்த டேனியல் ஷேஸ் அவர்களுக்குத் தலைமை தாங்கியோருள் ஒருவர். 1787 ஜனவரியில் அவர்கள் ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலையை நெருங்கியபோது மகாசபையால் படை அனுப்ப இயலவில்லை. பாஸ்டன் செல்வர்கள் கொடுத்த பணத்தில் திரட்டிய ராஜ்யப் படையே கிளர்ச்சியை ஒடுக்கியது. சொத்துடையார் அனைவரையும் உலுக்கிய நிகழ்ச்சி இது.

அவ்வாண்டு மே மாதம் பிலடெல்பியாவில் புதிய சட்டம் வகுக்கக் கூடினர். ரோட் தீவு ஒருவரையும் அனுப்பவில்லை. 1789 ஏப்ரலில் வாஷிங்டன் ஜனாதிபதியானபோதும் அது வெளியேதான் நின்றது. 1790 மே மாத இறுதியில், 34 வாக்குக்கு எதிராக 32 என்ற கணக்கில், கடைசியாக வந்து சேர்ந்தது.