உலை வைக்கும் முன் ஒரு பிடி

போன மாதம் சமையலறைத் தராசில் ஒரு பிடி அரிசியை நிறுத்துப் பார்த்தேன். என் மனைவியின் கைப்பிடி 40 கிராம். என் கைக்கு 55. "என்ன இது புதுசா?" என்று கேட்டாள். ஆராய்ச்சி என்றேன். வீட்டில் சிரித்தார்கள். ஆனால் உண்மையிலேயே ஆராய்ச்சிதான். பிடி அரிசியை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்த முடியுமா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் நடத்தியிருக்கிறார்கள்.

விருதுநகருக்கு அப்போது விருதுபட்டி என்று பெயர். தெற்கே பனங்காட்டுப் பகுதிகளிலிருந்து வியாபாரத்துக்காக வடக்கே வந்த நாடார்கள், 19-ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம், மதுரைச் சீமைகளில் ஆறு ஊர்களில் வேரூன்றினார்கள்: சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி, திருமங்கலம். கோயிலுக்குள் அவர்களை விடாத காலம் அது. வழியில் சரக்குக்கும் பாதுகாப்பு கிடையாது. அதனால் வண்டி மாடுகளும் சரக்கும் தங்குவதற்குப் பேட்டைகள் கட்டினார்கள். அந்தச் செலவுக்காக, கைமாறும் சரக்கில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். இதற்குப் பெயர் மகமை. கிணறு, கோயில், பள்ளி எல்லாம் பிறகு இந்தப் பணத்தில்தான் வந்தன.

மகமை கடையில் எடுப்பது. அதையே அடுப்படியில் எடுத்தால் பிடி அரிசி. 1880-களில் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியபோது, வீட்டுப் பெண்கள் சமைக்க அரிசி அளக்கும்போதே ஒரு பிடியைத் தனியாகப் போட்டு வைத்தார்கள். வீடு வீடாக அதைச் சேகரித்து, விற்ற பணம் பள்ளிக்குப் போனது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு நாளைக்கு 40 கிராம் என்றால் வருஷத்துக்கு 14.6 கிலோ. பேச்சுக்கு 500 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,300 கிலோ வருகிறது. நூறு கிலோ மூட்டையாகக் கட்டினால் 73 மூட்டை. எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடந்திருக்க மாட்டார்கள், ஆனால் ஊருக்குள் வருஷத்துக்கு 73 மூட்டை அரிசி சேர்ந்திருக்கும்.

இந்த யோசனை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதையே செய்துவருகிறார்கள். 'பூஃபாய் தாம்' என்று அதற்குப் பெயர். இரண்டு இடத்துப் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

ஏன் இது வேலை செய்தது? என் அப்பத்தா சொன்ன ஒரு வரியில் பதில் இருக்கிறது. "ஏய்யா, உலை வைக்கிறதுக்கு முந்தி எடுத்தாத்தான் அது சேமிப்பு. வடிச்ச பெறகு மிஞ்சுனா அது பழசு." பிடி, சாப்பாடு குறைந்தது தெரியாத அளவுக்குச் சின்னது. செலவுக்கு முன்பே எடுப்பது. அதோடு, பிறத்தியார் வந்து வாங்கிப் போய்விடுவதால் நாமே திரும்ப எடுத்துச் சமைத்துவிட முடியாது. எனக்கு இந்த மூன்றில் கடைசிதான் முக்கியமாகப் படுகிறது. என் மன உறுதியை நம்பி நான் தொடங்கிய எந்தச் சேமிப்பும் ஆறு மாதம் தாண்டியதில்லை.

இந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் காமராஜர். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா சிவகாமி அம்மாள் காதுத் தோடு தவிர மற்ற நகைகளை விற்று, அந்தப் பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் போட்டு வைத்து, மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பம் நடத்தினார். முதலில் கை வைக்காமல் வட்டியில் வாழ்வது என்று இன்றைக்கு வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுப்பதை அவர் வேறு வழியில்லாமல் செய்தார். அப்படிச் செய்தும் பையனை ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்க வைக்க முடியவில்லை. மாமாவின் ஜவுளிக் கடைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சிக்கனத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

1956-ல் அதே காமராஜர் முதலமைச்சராக எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் அது ஊர்க்காரர்கள் கொடுத்த நன்கொடையில் நடந்தது, அரசுப் பணம் பிறகு சேர்ந்தது. எனக்கென்னவோ, பிடி அரிசி ஊர் எல்லையைத் தாண்டிப் போன கதையாகத்தான் அது தெரிகிறது.

இங்கே நிறுத்தியிருந்தால் அழகான கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் 2018-ல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை.

அந்த வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பைத் தடை செய்தது. சரவெடியும் கூடாது என்றது. தீபாவளி முடிந்ததும் சிவகாசிப் பக்கம் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் போன் செய்து பத்தாயிரம் கேட்டான். வீட்டில் அவனும் மனைவியும் பட்டாசு வேலை. பணம் அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். பிடி அரிசிக் கதையைச் சொல்லி, "கொஞ்சமாவது எடுத்து வச்சிருக்கலாம்ல?" என்றும் கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான்: "வேலைக்குச் சேரும்போதே முன்பணம் வாங்கியாச்சுடா. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும்போதே கழிச்சிட்டுத்தான் வரும். நீ சொல்ற அந்தப் பிடிய ஏற்கெனவே ஒருத்தன் எடுத்துட்டான்."

முன்பணம் என்பது பிடி அரிசியைத் தலைகீழாகத் திருப்பியது. இரண்டிலும் சின்னச் சின்னதாக, செலவுக்கு முன்பே, பிறத்தியார் எடுத்துக்கொள்கிறார். ஒன்றில் அது பள்ளிக்கூடமாகிறது, மற்றதில் பழைய கடனுக்குப் போகிறது. என் சம்பளத்திலிருந்து ஐந்தாம் தேதி தானாகக் கழியும் வீட்டுக் கடனும் கார்டு தவணையும்கூட முன்பணம்தானே? நான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்ததால் அது எனக்கு உறைக்கவில்லை.

விருதுபட்டிக்காரர்களும் ஏழைகள்தான், அவர்களால் முடிந்ததே என்று கேட்கலாம். அவர்களுக்குப் பேட்டையும் மகமையும் உறவின்முறையும் இருந்தன. ஒரு வீட்டில் அரிசி இல்லாத நாளில் அடுத்த வீட்டின் பிடி போதும். தனி ஆளாக முயன்றவர்கள் இல்லை அவர்கள்.

அந்தப் போனுக்குப் பிறகு இரண்டு வேலை செய்தேன். முதலில் கார்டு பாக்கியை அடைத்தேன். முன்பணம் தீராமல் பிடி எடுக்க முடியாது. அப்புறம் ஒன்றாம் தேதியே சம்பளத்தில் ஒரு சிறு தொகை வேறு கணக்குக்குப் போகும்படி வைத்தேன். அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு என்னிடம் இல்லை, மனைவியிடம் இருக்கிறது. வருஷம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பங்கு நண்பன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகிறது. அவன் முதலில் வேண்டாம் என்றான். மகமைன்னு வச்சுக்கோ என்றேன்.